இரு கடல்களுக்கு நடுவே ஒரு வாத்தியார்

உச்சிப்புளியைத் தாண்டி மண்டபத்தை நோக்கிப் போகப் போக நிலம் குறுகிக்கொண்டே வரும். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. எங்கள் பக்கத்தில் இவற்றை வடகடல், தென்கடல் என்போம். பெரியவர்கள் பெண்கடல், ஆண்கடல் என்றும் சொல்வார்கள். அந்த இடைநிலத்து ஊர் ஒன்றில் 1975ஆம் ஆண்டு தொடக்கப் பள்ளி ஆசிரியராக வந்து சேர்ந்த ஒருவர், நான்கு ஆண்டுகள் கழித்து ஓலைக் கொட்டகையில் கூடிய சிறிய பாப்திஸ்து சபைக்குப் போதகருமாகி, 2018இல் கண்மூடும் வரை அந்த ஊரிலேயே இருந்தார். கடற்கரையில் அவர் வாத்தியார், சபையில் ஐயா, அவரிடம் மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை படித்த எனக்குக் கடைசி வரையில் சார். அவருக்குப் பின் சபைப் பொறுப்பு என்னிடம் வந்தது, நானும் ஆசிரியன்தான். பள்ளி வேலையையும் சபை ஊழியத்தையும் எப்படி ஒருசேரச் செய்கிறீர்கள் என்று இளையவர்கள் கேட்கும்போது, அவர் செய்ததைச் சொல்வதைத் தவிர என்னிடம் வேறு பதில் கிடையாது. தம் பெயர் அச்சில் வருவதை அவர் விரும்பியதில்லை என்பதால் இங்கும் பெயரைத் தவிர்க்கிறேன்.

இந்தக் கடற்கரையில் பாப்திஸ்து என்றால் பலருக்கும் விளங்காது. ஓரியூரில் 1693இல் கத்தோலிக்கக் குரு அருளானந்தர் உயிர்நீத்த மண் இது. கிறிஸ்தவர் என்றாலே கத்தோலிக்கர் என்று நினைப்பவர்கள் மிகுதி. அடுத்தபடியாகத் தெரிந்தது சி.எஸ்.ஐ. என்னும் தென்னிந்தியத் திருச்சபை. இவை இரண்டும் அல்லாத நாங்கள் யார் என்று கேட்பவர்களுக்குச் சார் மிகச் சுருக்கமாகப் பதில் சொல்வார். தன் வாயால் விசுவாசத்தை அறிக்கையிட்ட பிறகே ஒருவருக்கு ஞானஸ்நானம், அதுவும் முழுக்கு ஞானஸ்நானம். ஆகவே கைக்குழந்தைகளுக்குக் கொடுப்பதில்லை, அவர்களுக்காக ஜெபித்துப் பிரதிஷ்டை செய்வதோடு சரி. சபைக்கு மேலே பேராயர் என்று ஒருவர் இல்லை; போதகரைத் தேர்ந்தெடுப்பதும் கணக்கைக் கேட்பதும் சபை அங்கத்தினர்களே. மூன்றாவதாக, மனசாட்சியை எவரும் வற்புறுத்தக் கூடாது. இந்த மூன்றாவதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் சற்று உயரும். அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

1964 டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்தபோது அவருக்கு 12 வயது. குடும்பம் உயிர் தப்பி மண்டபத்துக்கு வந்தது. பின்னர் ஆசிரியர் பயிற்சிக்காகச் சேலம் பக்கம் போனவர், அங்கிருந்த ஒரு பாப்திஸ்து சபையில் ஞானஸ்நானம் பெற்றார். திரும்பி வந்தவருக்கு வழிகாட்டியாக இருந்தது, இங்கிலாந்திலிருந்து வங்காளத்துக்கு வந்த பாப்திஸ்து மிஷனரி வில்லியம் கேரியின் வாழ்க்கை. செரம்பூரில் அச்சகமும் கல்லூரியும் நிறுவிய கேரியைப் பலருக்குத் தெரியும். சாருக்குப் பிடித்தவரோ அதற்கு முந்தைய கேரி: 1785இல் இங்கிலாந்தின் மோல்டன் என்னும் சிற்றூரில் பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டு, வருமானம் போதாமல் செருப்பும் தைத்துக்கொண்டு, அங்கிருந்த சிறிய பாப்திஸ்து சபைக்குப் போதகராக இருந்தவர். பிற்காலத்தில் கல்கத்தாவின் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் வங்காளமும் சமஸ்கிருதமும் கற்பித்துப் பெற்ற சம்பளத்தையும் கேரி செரம்பூரின் பொதுப் பணத்தில் சேர்த்தார். அதை முன்மாதிரியாகக் கொண்டு, பள்ளி சம்பளம் தருகிறது, சபையிடம் வாங்க மாட்டேன் என்று சார் முதல் நாளிலேயே சொல்லிவிட்டார்.

அவருடைய போதக முறையை நான் புரிந்துகொண்டது ஆராதனை நேரத்தின் வழியாகத்தான். எங்கள் பகுதியில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி ஆகிய மூன்று நாள்கள் தொழிலுக்குப் போகும். மற்ற நாள்கள் நாட்டுப்படகுகளுக்கு உரியவை. சனிக்கிழமை போன படகு ஞாயிறு காலையில்தான் கரை சேரும். மீனைப் பிரித்து, எடைபோட்டு, வியாபாரியிடம் ஒப்படைத்து, வலையையும் பார்த்துவிட்டு வீடு திரும்ப மதியம் ஆகிவிடும். எங்கள் ஆராதனையோ மற்ற ஊர்களைப் போலக் காலை 9 மணிக்கு. பெண்களும் பிள்ளைகளும் வருவார்கள். ஆண்கள் பக்கத்துப் பாய் காலியாகவே கிடக்கும். ஆண்களுக்குப் பக்தி இல்லை என்று சபையில் பேச்சு எழுந்தபோது, சார் மறுப்பும் சொல்லவில்லை, கண்டித்துப் பிரசங்கமும் செய்யவில்லை. தொடர்ந்து நான்கு ஞாயிறுகள் விடியற்காலையில் படகுத் துறையில் போய் நின்று, நம்முடைய ஆள் ஒவ்வொருவரும் எத்தனை மணிக்குக் கரையேறுகிறார், எத்தனை மணிக்கு வீடு போகிறார் என்று எழுதிக்கொண்டு வந்தார். அந்தத் தாளைச் சபைக் கூட்டத்தில் வாசித்தார். ஆராதனை மாலை 4.30 மணிக்கு மாறியது. இரண்டு மணி நேரம் தூங்கி எழுந்து, குளித்து, வேட்டி கட்டிக்கொண்டு ஆண்கள் வந்தார்கள். ஊழியத்துக்கு வருகிறவர்கள் தங்கள் ஊரின் தொழில் நேரத்தை இப்படி ஒருமுறை எழுதிப் பார்த்துவிட வேண்டும் என்று நான் மிகவும் கேட்டுக்கொள்கிறேன். மலையிலும் வயலிலும் தொழிற்சாலைப் பக்கத்திலும் அந்த நேரம் வேறுவேறாக இருக்கும். நான் பார்த்த பல சபைகளில் மணியை மட்டும் வேறு ஊரிலிருந்து கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.

வீடு சந்திப்புக்கு அவர் ஒரு நீள நோட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு பத்தி: தேதி, வீடு, அவர்கள் சொன்னது, நான் சொன்ன வாக்கு. அந்த நான்காவது பத்திதான் நோட்டின் உயிர். ரேஷன் அட்டையில் பெயர் சேர்க்க மனு எழுதித் தருகிறேன், பையனின் மாற்றுச் சான்றிதழைக் கேட்டுப் பார்க்கிறேன், அடுத்த செவ்வாய் வந்து ஜெபிக்கிறேன் என்று எதைச் சொன்னாலும் அன்றிரவே அதில் ஏறும். செய்து முடித்த பிறகே சிவப்பு மையால் அடிப்பார். பலரும் சந்திப்புகளின் எண்ணிக்கையை எழுதுகிறார்கள், வாக்குகளை எழுதுவதில்லை. ஐம்பது வீடுகளுக்குப் போய் ஐம்பது இடங்களிலும் ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டு மறந்தவரைவிட, வீட்டுக்கே வராதவர் மேல் ஊருக்கு மனத்தாங்கல் குறைவாக இருப்பதை நான் கண்டிருக்கிறேன். ஆண்களைச் சந்திக்க அவர் விசைப்படகுகளின் மீன்பிடித் தடைக்காலத்தைப் பயன்படுத்தினார். முன்பு 45 நாள்களாக இருந்த தடை 2017 முதல் ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள்களானது. படகு கரையில், கையில் காசு இல்லை, மனம் கலங்கியிருக்கும். பள்ளிக்கும் அப்போது கோடை விடுமுறை. விடுமுறைக்கு ஒருமுறைகூட அவர் வெளியூர் போய் நான் பார்த்ததில்லை.

பள்ளியையும் சபையையும் அவர் ஒருபோதும் கலந்ததில்லை. வகுப்பில் இந்து, முஸ்லிம், கத்தோலிக்கப் பிள்ளைகள் எல்லோரும் இருந்தார்கள். மூன்று ஆண்டுகள் அவர் வகுப்பில் இருந்த நான், அவர் போதகர் என்பதை நான்காம் வகுப்பில் வேறொருவர் சொல்லித்தான் அறிந்தேன். மாலை வகுப்பைக் கொட்டகையில் நடத்தினால் மழைக்கும் வெயிலுக்கும் வசதியாக இருந்திருக்கும். ஆனால் அவர் பள்ளிக்கு எதிரே இருந்த பூவரச மரத்தடியில்தான் நடத்தினார். ஒரு தகப்பனார் வந்து, பிள்ளையை மதம் மாற்றிவிடுவீர்களோ என்று நேராகவே கேட்டார். சார் கோபப்படாமல், "பாடம் நடக்கும்போது நீங்களும் வந்து உட்காருங்க பாய், முழுசாக் கேளுங்க" என்றார். அவர் இரண்டு வாரம் வந்து உட்கார்ந்தார். மூன்றாவது வாரம் மரத்தில் தொங்கவிட ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கைக் கொண்டுவந்து கொடுத்தார்.

நான்காம் வகுப்பு வந்தும் எழுத்துக் கூட்டத் தெரியாத பையன் ஒருவன் இருந்தான். புத்தகத்தைத் திறந்தாலே தலை கவிழ்ந்துவிடும். சார் அவனைக் கடற்கரைக்கு அழைத்துக்கொண்டு போனார். கரையில் இழுத்துப் போட்டிருந்த ஒவ்வொரு வள்ளத்திலும் ஒரு பெயர் எழுதியிருக்கும். எந்த வள்ளம் யாருடையது, அதன் பெயர் என்ன என்பதெல்லாம் பையனுக்கு ஏற்கெனவே மனப்பாடம். தெரிந்த பெயருக்கு நேரே இருந்த எழுத்துகளை விரலால் தடவச் சொன்னார். இருபது நாள்களில் வள்ளப் பெயர்களிலிருந்து கடைப் பலகைக்கும், அங்கிருந்து பாடப் புத்தகத்துக்கும் அவன் வந்து சேர்ந்தான். ஒரு பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்தது எது என்று தேடாமல் தெரியாததை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லும் ஆசிரியர்களைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது. என் முதல் இரண்டு ஆண்டுகளில் நானும் அதைத்தான் செய்தேன். பிரசங்கத்துக்கும் அவர் இதே வழியைக் கையாண்டார். வியாழன் இரவு முழுவதையும் எழுதி முடித்து மனைவியிடம் வாசித்துக் காட்டுவார். அம்மா சமையலைக் கவனித்துக்கொண்டே கேட்பார்கள். எந்த இடத்தில் அவர்கள் கவனம் அடுப்புக்குத் திரும்பிற்றோ அந்த இடத்தை அடித்துவிட்டு வேறு எழுதுவார்.

ஞானஸ்நானம் கேட்டு வருகிறவர்களிடம், "ஒரு வாடையும் ஒரு கச்சானும் போகட்டும், பிறகு பேசுவோம்" என்பார். வாடை வடகிழக்குக் காற்று, கச்சான் தென்மேற்குக் காற்று; அதாவது ஓராண்டு. கடலில் மீன் பட்ட காலத்திலும் படாத காலத்திலும் ஒருவருடைய விசுவாசம் எப்படி நிற்கிறது என்று அவரே தெரிந்துகொள்ளட்டும் என்பதற்காக. என்னையும் அப்படித்தான் காக்க வைத்தார். 1997இல், என் 21ஆம் வயதில், தென்கடலில் முழுகி எழுந்தேன். காற்றைப் பற்றி அவரிடம் கற்றதை இங்கே முழுமையாக எழுதுகிறேன், ஏனென்றால் இதில் நான் ஒருமுறை தவறினேன். வாடை அடிக்கும் ஐப்பசி முதல் தை வரை வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கிக் கிடக்கும். கச்சான் வீசும் வைகாசி முதல் ஆவணி வரை அப்படியே மாறிவிடும். அவர் மறைந்த பிறகு ஒரு கார்த்திகை மாதத்தில், வெளியூரிலிருந்து வந்த உறவினர்களுக்கு வடகரை அருகில் என்பதற்காக, வாடையில் வடகடலில் இறங்கினேன். இடுப்பளவு நீரில் அந்தச் சகோதரியைத் தாழ்த்திய நொடியில் அடுத்த அலை எங்கள் இருவரையும் சாய்த்துவிட்டது. கரையில் நின்ற மீனவர்கள் பாய்ந்து வந்து தூக்கியிராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே அஞ்சுகிறேன். அன்று நான் கேட்டது உறவினர்களின் வசதியை; கேட்டிருக்க வேண்டியது காற்றை.

சார் செய்த முறை இது. முந்தின நாள் மாலையிலும் அன்று விடியற்காலையிலும் இடத்தை நடந்து பார்ப்பார். சொறி எனப்படும் ஜெல்லிமீன் ஒதுங்கியிருந்தால் நாளைத் தள்ளிவைப்பார். நீரில் இறங்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் மணலில் உரசிக்கொண்டே போகச் சொல்வார், மணலில் படுத்திருக்கும் திருக்கை விலகிப் போகும். அலைக்குப் பக்கவாட்டில் நின்று, ஓர் அலை கடந்ததும் வரும் அமைதியில் முழுக்குவார். கடல் பக்கமாக நீந்தத் தெரிந்த இருவர் நிற்பார்கள். பெண்களுக்கு அடர்ந்த நிறத்தில் கனத்த துணி. கரையில் சேலையால் மறைப்புக் கட்டிக்கொண்டு இரண்டு தாய்மார்கள். நீச்சல் தெரிந்த கடற்கரை மக்களுக்கு இவ்வளவு எதற்கு என்று கேட்டவர்களிடம், முழுக்கப்படுகிறவர் அந்த நேரத்தில் நீந்துகிறவர் அல்லர், தம்மை என் கையில் கொடுத்திருக்கிறவர் என்று சொன்னார்.

மூன்றாவது கொள்கைக்கு வருகிறேன். எங்கள் சபை வாலிபர் ஒருவருடைய மனைவியின் குடும்பம் கத்தோலிக்கம். அவர்களுக்குப் பிறந்த குழந்தை பத்தாம் நாளில் மூச்சுத் திணறலோடு ராமநாதபுரத்தில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டது. சார் இரவுகளில் அங்கேயே வராந்தாவில் இருந்துவிட்டுக் காலையில் பேருந்து பிடித்துப் பள்ளிக்கு வந்தார். நான்காம் இரவு, குழந்தை பிழைக்காது என்று தெரிந்ததும் அம்மாச்சி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுத்திருங்க, அப்பிடியே போயிறக் கூடாது" என்று அழுதார். தம்மால் அதைச் செய்ய இயலாது என்று அவர் சொன்னார். குழந்தை கர்த்தருடைய கையில் இருக்கிறது, அதில் எனக்கு ஐயமில்லை என்றும் சொன்னார். அதன் பிறகு அந்தத் தாயிடமும் தகப்பனிடமும் தனித்தனியாகக் கேட்டார். இருவரும் கிழவியின் விருப்பம் நடக்கட்டும் என்றார்கள். இரவு 11 மணிக்கு இரவல் சைக்கிளில் போய், கத்தோலிக்கப் பங்குத் தந்தையை எழுப்பி அழைத்து வந்தவர் எங்கள் பாப்திஸ்துப் போதகர். சடங்கு நடக்கும்போது வராந்தாவில் வெளியே நின்றார். விடியும்முன் குழந்தை இறந்துவிட்டது.

அடுத்த சபைக் கூட்டத்தில் அவரைக் கடுமையாகக் கேட்டார்கள். கொள்கையை விட்டுவிட்டீர்கள் என்றார்கள். அப்போது அவர் தாமஸ் ஹெல்விஸைப் பற்றிச் சொன்னார். இங்கிலாந்து மண்ணில் முதல் பாப்திஸ்து சபையை நிறுவியவர் ஹெல்விஸ். 1612இல், மனிதரின் மதம் அவருக்கும் கடவுளுக்கும் இடையே உள்ளது, அரசர் அதற்கு நீதிபதியாக முடியாது, துருக்கராயினும் யூதராயினும் அதற்காகத் தண்டிக்கக் கூடாது என்று எழுதி, நியூகேட் சிறையில் அடைக்கப்பட்டு அங்கேயே இறந்தார். "என் மனசாட்சி என் கையைக் கட்டியது, நான் கொடுக்கவில்லை. அவர்களுடைய மனசாட்சியைக் கட்ட எனக்கு என்ன உரிமை? அரசருக்கே இல்லை என்று நம் முன்னோர் சிறைக்குப் போனார்களே" என்று கேட்டார். இரண்டு குடும்பங்கள் அன்றோடு எங்கள் சபையை விட்டுப் போயின. அவர் அவர்கள் வீட்டுக்கும் போவதை நிறுத்தவில்லை. நோட்டில் அவர்களுடைய பக்கங்கள் தொடர்ந்து நிரம்பின. போதகர்கள் பலர் இந்த இடத்தில் இரண்டில் ஒன்றைச் செய்வார்கள்: கொள்கையைத் தளர்த்திக் கொடுத்துவிடுவார்கள், அல்லது கொள்கையைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். சைக்கிளை எடுத்தவரை நான் அவர் ஒருவரில்தான் கண்டேன்.

தாள்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடலுக்குப் போனவர் திரும்பாத வீட்டில் ஜெபம் மட்டும் போதாது என்பது அவருடைய உறுதியான எண்ணம். உடல் கிடைக்காதபோது இறப்புச் சான்றிதழ் எளிதில் கிடைக்காது; ஏழு ஆண்டுகள் செய்தி இல்லாவிட்டால்தான் இறந்ததாகக் கருதலாம் என்பது சட்டத்தின் பொது விதி. ஆகவே முதல் வாரத்திலேயே காவல் நிலையத்தில் புகார் பதிந்து அதன் நகலை வாங்குவது, அன்று படகுக்கு மீன்வளத் துறை கொடுத்த அனுமதி டோக்கன் விவரத்தைக் குறித்துக்கொள்வது, கூடப் போனவர்களின் வாக்குமூலத்தை நினைவு மங்குமுன் எழுதி வாங்குவது, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க் கூட்டத்தில் மனுக் கொடுத்து ரசீதைப் பத்திரப்படுத்துவது என்று எல்லாவற்றுக்கும் அந்தப் பெண்ணோடு அவரே போவார், எந்த மதத்து வீடாக இருந்தாலும். இலங்கைக் கடற்படையால் பிடிக்கப்பட்டவர்களின் வீடுகளுக்கும் இப்படியே. ஆசிரியருக்கு மனு எழுதத் தெரியும், அதுவும் ஊழியம்தான் என்பார்.

பணத்தில் அவர் மிகக் கண்டிப்பு. காணிக்கையைப் போதகர் தொடக் கூடாது. ஆராதனை முடிந்த உடனே உதவிக்காரர் இருவர் எண்ணிக் கரும்பலகையில் தொகையை எழுதிவிட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை செலவுக் கணக்கு முழுவதையும் வாசிப்பார்கள். அவர் உடல்நலம் குன்றிய காலத்தில் அந்த வாசிப்பு என் பொறுப்பாயிற்று; பள்ளி வேலை அதிகம் என்று இரண்டு தவணை தள்ளிப்போட்டேன். ஒரு காசும் குறையவில்லை. இருந்தும் ஊரில் பேச்சு வந்துவிட்டது. அதைத் துடைக்க எனக்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. சம்பளம் வாங்காத அவருடைய முடிவில் மட்டும் எனக்கு மாறுபட்ட கருத்து உண்டு. அது அவருக்குச் சுதந்திரம் தந்தது உண்மை; ஆனால் நாற்பது ஆண்டுகள் இலவசமாகப் போதகரைப் பெற்ற சபை, கொடுக்கப் பழகவில்லை. கஜா புயலுக்குப் பிறகு கூரையைச் சீர்செய்யப் பணம் திரட்டும்போது அதை நன்றாக உணர்ந்தோம். கடைசி ஆண்டுகளில் அவரே இதை ஒப்புக்கொண்டார்: "தம்பி, நீ ஒரு ரூபாயாவது வாங்கு, அதைப் போதகர் சம்பளம் என்று கணக்கில் எழுது." நான் இப்போது மாதம் 500 ரூபாய் வாங்குகிறேன், அதைத் திருப்பிக் காணிக்கையில் போடுவதும் இல்லை.

வள்ளப் பெயர்களைப் படித்து எழுத்துக் கற்ற அந்தப் பையன் இப்போது எங்கள் உதவிக்காரர்களில் ஒருவர். சார் இறந்து நாற்பது நாள் கழித்து அவர்தான் சபைக் கூட்டத்தில் வாக்குச் சீட்டுகளைக் கொடுத்தார். கை தூக்கச் சொல்லக் கூடாது, சீட்டில்தான் எழுத வேண்டும் என்று சார் முன்னமே சொல்லி வைத்திருந்தார். வாக்களித்தவர்கள் 31 பேர். நான் போதகராக இருக்கலாம் என்று 24 சீட்டுகள், வேண்டாம் என்று 7. வீட்டுக்கு வந்த பிறகு அந்த ஏழு பேர் யாராக இருக்கும் என்று எண்ணி எண்ணிப் பார்த்தேன். தெரிந்துகொள்ள வழியே இல்லை. மறுநாள் மாலை பள்ளி விட்டதும், சாரின் மனைவி என் கையில் கொடுத்திருந்த அவருடைய நோட்டில் புதிய பக்கம் ஒன்றைத் திருப்பி நான்கு பத்திகளுக்குக் கோடு போட்டுக்கொண்டு, தெருவின் முதல் வீட்டிலிருந்து தொடங்கினேன்.